ஒரு கூரை, நான்கு அடுப்பு

சிங்கப்பூரின் கிழக்கே உள்ளது தெம்பனிஸ் நகர். அதன் பெயர் மலாய்க்காரர் ‘தெம்பினிஸ்’ என்றழைக்கும் மரத்தால் வந்தது. அங்கே அடுக்குமாடியின் ஒரே தாழ்வாரத்தில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் வாழ்கின்றனர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அந்நாட்டின் ஆட்சிமொழிகள். பெருமைப்படத்தக்க ஏற்பாடே. ஆயினும் இலக்கியத்தில் இந்நான்கும் ஒன்றையொன்று அறியுமோ என்று கேட்கிறோம்.

1992-இல் தோன்றிய சிங்கப்பூர் இலக்கியப் பரிசு முதலில் ஆங்கில நூல்களுக்கே உரியதாயிருந்தது. 2004-இல் நான்கு மொழிகளுக்கும் விரிந்தது. நன்று. ஆனால் மொழிக்கு மொழி தனிப் பந்தி! பரிசு பெற்ற தமிழ்க் கதையை எதிர்வீட்டு மலாய்க்காரர் அறிவதெங்ஙனம்? அவருடைய கவிதையை நாம்தாம் எப்போது கேட்டோம்? ஒரே கூரையின்கீழ் நான்கு அடுப்பு எரிகிறது. ஒரு வீட்டுக் குழம்பு மறுவீட்டுக்குப் போவதில்லை.

2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, ஐந்து வயது நிரம்பியவருள் வீட்டில் பெரிதும் ஆங்கிலம் பேசுவோர் நூற்றுக்கு 48.3, தமிழ் பேசுவோர் 2.5. இதற்கு மருந்தாகச் சிலர் பழம்பெருமை பேசுவர். பெருமை பேசி எம்மொழியும் பிழைத்ததில்லை. தமிழனைப் பற்றித் தமிழனுக்கே எழுதி, தமிழனே மெச்சும் எழுத்து எத்தனை நாள் நிற்கும்?

பரிசு பெறும் ஒவ்வொரு நூலும் மற்ற மூன்று மொழிகளிலும் வெளிவருதல் வேண்டும். அயலான் கதையைத் தமிழில் படிக்கவும், நம் குறைகளை அவன் மொழியில் அவன் படிக்கவும் நாம் துணிய வேண்டும். அதுவரை நான்மொழி நாடு என்பது பெயர்ப்பலகையில் மட்டுமே இருக்கும்.