சுடாமல் விட்ட ஆடு

வெள்ளைக்கார வேட்டைக்காரர்களின் புத்தகங்களைப் படிக்கும்போது ஒரு சங்கடம் வரும். சொல்லப்படுவது கொலை. ஆனாலும் பாதியில் மூடிவைக்க மனசு வராது. ஏன் என்று யோசித்தபோது நீலகிரி வரையாட்டு வேட்டையில் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. அந்த எழுத்தைத் தூக்கி நிறுத்துவது அதன் விதிதான்.

டக்ளஸ் ஹாமில்டனின் நூல் 1892-இல் வந்தது, எஃப்.டபிள்யூ.எஃப். பிளெட்சரின் நூல் 1911-இல். ஹாமில்டன் சுட்டது பெரும்பாலும் சட்டத்துக்கு முன்பு, பிளெட்சர் சட்டத்துக்குப் பிறகு. அந்தச் சட்டம் 1879-இல் நீலகிரிக்கென்றே வந்தது. வேட்டைக்குத் தடைக்காலம் விதித்தது. கூடவே வேட்டைக்காரர்களுக்குள் ஒரு மரியாதையும் உண்டு: பெட்டையைத் தொடாதே, முதுகில் சேணம் போட்ட மாதிரி வெளுத்த கிழட்டுக் கிடாவை மட்டும் சுடு. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'சேடில்பேக்'.

ஒரு கதைசொல்லிக்கு இதைவிட என்ன வேண்டும்? மந்தை கண்ணில் பட்டாச்சு, ஆனால் சுடக்கூடாது. மூடுபனி இறங்குகிறது. கிடா எங்கோ தனியாக நிற்கிறது. சுடாமல் விட்ட ஒவ்வொரு ஆடும் எழுதுகிறவரைக் கொஞ்சம் நல்லவராக்கிக்கொண்டே போகிறது.

நான் முரண்படுவது இங்கேதான். உலையில் போடக் கறி தேடி மலையேறுகிறவனால் கிடாவா பெட்டையா என்று பார்த்துக் காத்திருக்க முடியுமா? காத்திருக்க வசதியுள்ளவர் செய்தால் 'ஸ்போர்ட்', மற்றவன் செய்தால் திருட்டு. ஒரு சாவு புத்தகமாகிறது, இன்னொன்று வழக்காகிறது.

இதற்காக அந்த விதியையே தூக்கிப்போட முடியாது. மூணாறுப் பக்கம் தோட்டக்காரர்கள் வேட்டைக்காகப் பாதுகாத்துவந்த இரவிகுளம் 1975-இல் சரணாலயமானது, 1978-இல் தேசியப் பூங்கா. இன்று வரையாடுகள் அதிகம் வாழும் இடங்களில் அதுவும் ஒன்று. வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அந்த மேட்டை அறிந்திருந்த முதுவர்கள் நமக்கு ஒரு புத்தகம் விட்டுப்போகவில்லை, அவ்வளவுதான்.

1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் துப்பாக்கி இறங்கியது. ஒருகாலத்தில் வேட்டையாடியவரான ஈ.ஆர்.சி. டேவிதார் 1975-இல் வரையாடுகளைக் கணக்கெடுத்தார். இன்றைய ஆய்வாளர்களும் முதிர்ந்த கிடாவை 'சேடில்பேக்' என்றே குறிக்கிறார்கள். குறிபார்த்த கண்ணிடமிருந்து கணக்கெடுக்கும் கண் கடன்வாங்கிய சொல் அது.

இன்னொரு வேடிக்கை. 1879 சட்டம் இந்த ஆட்டை 'ஐபெக்ஸ்' என்றது. இது ஐபெக்ஸே கிடையாது. சங்கப் பாட்டில் வருடை என்று பெயர் வாங்கிய விலங்கைத் தப்பான பெயரில் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தப் புத்தகங்களையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் போல: காப்பாற்றியதற்கு நன்றி சொல்லிக்கொண்டு, பெயரைத் திருத்திக்கொண்டு.