‘எல்லை இல்லை’ என்பதில் இத்தனை அழகா!

கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: “இதன் எல்லை முடிவிலி, ஆகவே இதற்கு எல்லை இல்லை.” முன்னுக்குப் பின் முரணாகத் தெரிகிறதல்லவா? நுண்கணிதம் தொடங்கும் பிள்ளைகள் முதலில் முட்டிக்கொண்டு நிற்பதும் இங்கேதான். விடை முடிவிலி என்று புத்தகமே போடுகிறது. அடுத்த வரியில் எல்லை கிடையாது என்கிறது. எதைத்தான் நம்புவது? இரண்டையும் நம்பலாம். அது எப்படி என்று பிடிபடும் அந்த ஒரு நொடிக்காகவே நுண்கணிதம் படிக்கலாம் என்பேன்.

ஒன்றை எக்ஸின் வர்க்கத்தால் வகுத்துக்கொண்டே போங்கள். எக்ஸ் 0.1 என்றால் 100 கிடைக்கும், 0.01 என்றால் 10,000. பூச்சியத்தை நெருங்க நெருங்க எகிறுகிறது. எல்லை என்றால் அது ஓர் எண்ணாக இருக்க வேண்டும். முடிவிலியோ மெய்யெண் அல்ல. ஆகவே எல்லை இல்லை. அப்புறம் எதற்கு முடிவிலி என்று எழுதுகிறோம்? அது ஒரு சவால்! நீங்கள் ஓர் எண்ணைச் சொல்லுங்கள், ஒரு லட்சம் கோடி என்றே வைத்துக்கொள்வோம். “பூச்சியத்தை மட்டும் விட்டுவிட்டு, அதிலிருந்து பத்து லட்சத்தில் ஒரு பங்கு தூரத்துக்குள் எக்ஸ் இருக்கட்டும், தாண்டிவிடும்” என்பேன் நான். இன்னும் பெரிதாகச் சொல்கிறீர்களா? அதன் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கி நீட்டுவேன். எதைச் சொன்னாலும் என்னிடம் பதில் இருக்கும். வரையறையே அவ்வளவுதான். அதில் முடிவிலி எங்கே? தேடிப் பாருங்கள், இல்லவே இல்லை! சாதாரண எண்களும் சாதாரண வகுத்தலும்தான் இருக்கின்றன. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு இந்த இடத்தில் மெய்சிலிர்க்கிறது.

இந்தத் தெளிவு சும்மா வந்துவிடவில்லை. ஜான் வாலிஸ் படுத்த எட்டை முடிவிலியின் குறியாக 1655-இல் அச்சேற்றினார். பிறகு நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தைக் கட்டி எழுப்பினார்கள். கணக்கெல்லாம் சரியாக வந்தது, அடித்தளம்தான் ஆட்டம் கண்டது. ஒரு சிற்றளவைப் பூச்சியமல்ல என்று சொல்லி வகுத்துவிட்டு, மறுகணமே பூச்சியம் என்று தள்ளிவிடுகிறீர்களே என்று பிஷப் ஜார்ஜ் பெர்க்லி 1734-இல் பிடித்து உலுக்கினார். கோஷி 1821-இல் எல்லையை மையத்தில் நிறுத்தினார். அதை எப்சிலான், டெல்டா என்று இன்று நாம் எழுதும் கறாரான வடிவுக்குக் கொண்டுவந்தவர் வையர்ஸ்ட்ராஸ். பெர்லினுக்கு வருமுன் பல வருடங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தவர், உடற்பயிற்சி வகுப்புகூட எடுத்தவர்! அந்த மனிதரை நினைத்தாலே எனக்குக் கும்பிடத் தோன்றும்.

இனி என் உயிரான கணக்கு. முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தால் என்ன? பூச்சியம் என்று பட்டென்று வாய்க்கு வரும். கால்குலேட்டரை எடுங்கள். எக்ஸின் வர்க்கத்தோடு எக்ஸைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதிலிருந்து எக்ஸைக் கழியுங்கள். எக்ஸ் 100 என்றால் 10,100-இன் வர்க்கமூலம் 100.49876, கழித்தால் மிஞ்சுவது 0.49876. எக்ஸ் 10,000 என்றால் 0.4999875. இரண்டு பகுதிகளும் தனித்தனியே கட்டுக்கடங்காமல் ஓடுகின்றன. வித்தியாசமோ சமர்த்தாக அரையில் வந்து நிற்கிறது! ஏன் அரை? வர்க்கமூலம் இருக்கும் கோவையின் இணையால் மேலும் கீழும் பெருக்கினால் இரண்டே வரியில் வெளிச்சமாகிவிடும். இதைக் காகிதத்தில் தானே போட்டுப் பார்க்காதவருக்காக உண்மையாகவே வருந்துகிறேன்.

முடிவிலிக்குப் போவதிலும் எத்தனை நடை! ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று கூட்டிக்கொண்டே போகும் இசைத்தொடர் இருக்கிறதே, அதற்கு அவசரமே கிடையாது. பத்தைத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். நூறைத் தாண்ட வேண்டிய உறுப்புகளின் எண்ணிக்கையை எழுதினால் 44 இலக்கம் வரும். ஆனாலும் தாண்டியே தீரும். மூன்றில் ஒன்றும் காலும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கு சேர்ந்தால் மறுபடி அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. பதினான்காம் நூற்றாண்டிலேயே ஒரேம் என்பவர் இப்படி அடுக்கிக் காட்டிவிட்டார்.

சைன் சார்பு வேறு ரகம். எக்ஸ் எவ்வளவு பெரிதானாலும் அது ஒன்றுக்கும் கழித்தல் ஒன்றுக்கும் இடையில் ஊசலாடிக்கொண்டே இருக்கும். அதற்கு எல்லை இல்லை என்றால் எந்த அர்த்தத்திலும் இல்லை. ஒன்றை எக்ஸால் வகுக்கும்போது வருவது இன்னொரு வகை. பூச்சியத்துக்கு வலப்பக்கமிருந்து வந்தால் மேலே பறக்கிறது, இடப்பக்கமிருந்து வந்தால் பாதாளத்தில் விழுகிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் முடிவிலி என்றுகூட எழுத முடியாது.

ஆனால் கலப்பெண்களுக்குப் போய்விட்டால் கதையே மாறிவிடும்! அங்கே தளத்தோடு ஒரே ஒரு முடிவிலிப் புள்ளியைச் சேர்த்து, ரீமன் கோளம் என்று மூடிவிடுகிறார்கள். மேலே கீழே என்ற வேற்றுமை மறைந்துபோகிறது. ஒன்றை எக்ஸால் வகுத்தால் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதே புள்ளிக்குத்தான் போகிறது. எல்லை அட்டகாசமாக உண்டு. சைன் மட்டும், அந்தப் புள்ளியை நோக்கிப் போகும்போது, அங்கேயும் எதற்கும் மசிவதில்லை.