‘பயனற்ற வாய்கள்’: புதுச்சேரி முற்றுகையும் எண்ணிக்கையின் அரசியலும்

புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டை ஒட்டிச் செல்லும் தெரு ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயரைத் தாங்குகிறது. 1736 முதல் அவர் எழுதிய நாட்குறிப்பு, வணிகம், அரசியல், துபாஷி வாழ்க்கை ஆகியவற்றுக்கான சான்றாகவே மிகுதியும் ஆராயப்பட்டுள்ளது. அவர் மறைந்த 1761 ஜனவரியில் நகரைப் பணியவைத்த பட்டினி அத்துணைக் கவனம் பெறவில்லை.

1760 நவம்பர் இறுதியில், தானிய இருப்பைக் காக்கப் பிரெஞ்சுத் தளபதி லாலி உள்நாட்டு மக்கள் ஏறத்தாழ 1,400 பேரை நகரிலிருந்து வெளியேற்றினார். ஆங்கிலப் படை வழிவிட மறுத்தது. திரும்பியோரைப் பிரெஞ்சுக்காரரும் ஏற்கவில்லை. எட்டு நாட்கள் புல்வேர்களை உண்டு இரு படைகளுக்கிடையே தவித்தனர். அதன் பின்னரே ஆங்கிலத் தளபதி கூட் வழிவிட்டார். இதனைப் பதிவுசெய்த ராபர்ட் ஆர்ம் எண்ணிக்கையைத் தருகிறார். ஒருவர் பெயரையும் தரவில்லை. ஐரோப்பிய முற்றுகைப் போர்மொழியில் இத்தகையோர் ‘பயனற்ற வாய்கள்’. மனிதர் இங்கு தானியச் செலவாகக் குறுக்கப்படுகின்றனர்.

குடிமக்களைப் பட்டினியிடும் போர்முறையை 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகள் தடைசெய்தன. எனினும் 2009இல் வன்னியில் எண்ணிக்கையே தடையாயிற்று. சிக்கியிருந்தோர் சுமார் 70,000 பேர் என்றது இலங்கை அரசு. 3,30,000 வரை என்றது ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை. குறைத்த எண்ணுக்கேற்ப உணவும் மருந்தும் குறைந்தன. மக்கள் வெளியேறுவதைப் புலிகள் தடுத்ததையும் அவ்வறிக்கை சுட்டுகிறது.

முற்றுகைப் பதிவுகளை ஆராய்வோர், எண்ணியவர் யார், எதன்பொருட்டு எண்ணினார் என்பதை முதலில் வினவ வேண்டும். ஆண்டுதோறும் மே மாதத்தில் வழங்கப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சி, அவ்வினாவைப் பட்டினியுற்றோர் பக்கமிருந்து எழுப்பும் பண்பாட்டுப் பனுவலாகும்.