அளவெடுத்துத் தைத்த சடங்குகள்

இறைநம்பிக்கையை விட்டு விலகிய மனிதனும் சடங்கை விட்டு எளிதில் விலகிவிடுவதில்லை. பிள்ளைக்குப் பெயர் சூட்ட நாலு பேர் கூட வேண்டும். திருமணத்திற்குச் சாட்சிகள் வேண்டும். இறந்தவரை வழியனுப்பச் சில சொற்கள் வேண்டும். இந்தத் தேவையை வணிகமாக்கும் கணினி நிறுவனம் ஒன்றின் கதையே தஹ்மீமா அனாமின் 'தி ஸ்டார்ட்அப் வைஃப்'. 2021இல் ஆங்கிலத்தில் வெளிவந்த இப்புதினத்தைத் தொழில்நுட்ப உலகின் மீதான எள்ளலாக வாசித்து முடித்துவிடலாம். ஆனால் இபாதத் என்றால் என்ன என்னும் கேள்வியை அது நம்முன் வைக்கிறது என்பதே நமது கருத்து.

1975இல் டாக்காவில் பிறந்த தஹ்மீமா, ஹார்வர்டில் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 'எ கோல்டன் ஏஜ்' (2007), 'தி குட் முஸ்லிம்' (2011), 'தி போன்ஸ் ஆஃப் கிரேஸ்' (2016) ஆகிய முப்பெரும் புதினங்களால் வங்கதேச வரலாற்றை உலகுக்குச் சொன்னார். அவருடைய கணவர் மின்னணு இசைக்கருவிகள் தயாரிக்கும் நிறுவனமொன்றைத் தொடங்கியவர். அதன் இயக்குநர் குழுவில் தஹ்மீமா பல ஆண்டுகள் அமர்ந்திருந்தார். முதலீட்டாளர் கூட்டங்களை உள்ளிருந்து கண்ட அனுபவமே இந்த நான்காம் புதினத்தின் விளைநிலம்.

எள்ளல் அவருக்குக் குடும்பச் சொத்தும்கூட. பாட்டனார் அபுல் மன்சூர் அஹ்மத் வங்க இலக்கியத்தின் பெயர்பெற்ற அங்கத எழுத்தாளர். 'ஆயினா' என்னும் தொகுப்பில் போலிப் பீர்களை அவர் நகையாடினார். பாட்டனார் மதத்தின் பெயரால் நடந்த வணிகத்தைச் சாடினார். பேத்தியோ மதமற்றோரிடையே முளைத்த போலிப் பீரை இனங்காட்டுகிறார்.

கதை நேரானது. வங்கதேசத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய குடும்பத்தின் மகளான ஆஷா ரே, செயற்கை நுண்ணறிவில் முனைவர் ஆய்வு செய்பவள். பள்ளிப் பருவத்தில் தான் விரும்பிய சைரஸை மீண்டும் சந்தித்து மணக்கிறாள். உலகச் சமயங்களையெல்லாம் கற்றவன் சைரஸ், எதையும் பின்பற்றாதவன். அவனுடைய அறிவைத் தன் நிரலில் வடித்து, ஒருவருடைய விருப்பங்களைக் கேட்டறிந்து அவருக்கென்றே ஒரு சடங்கை உருவாக்கித் தரும் தளத்தை ஆஷா படைக்கிறாள். 'நாம் முடிவற்றோர்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர். நியூயார்க்கில் 'உடோப்பியா' என்னும் தொழில் வளர்ப்பகத்தில் நிறுவனம் வளர்கிறது, இலட்சக்கணக்கானோர் சேர்கின்றனர். இறந்தவரின் பெயரால் உயிரோடிருப்போருக்குச் செய்தி செல்லும் வசதி வரை ஆசை நீள்கிறது. சைரஸை ஊர் புதிய மீட்பராகப் போற்ற, நிரலை எழுதிய ஆஷா நிழலில் ஒதுக்கப்படுகிறாள்.

பெண்ணின் உழைப்பு எப்படி ஆணின் புகழாக மாறுகிறது என்பதைத் தஹ்மீமா கூச்சலின்றிக் காட்டுகிறார். ஆஷாவின் பெயர் ஒரே நாளில் அழிக்கப்படுவதில்லை. அவளுடைய இசைவோடும் அன்போடுமே சிறிது சிறிதாக மறைகிறது. இங்கே நமது மரபின் இஸ்னாத் முறை நினைவுக்கு வருகிறது. அறிவிப்பாளர் வரிசையில் ஒரு பெயர் விடுபட்டாலும் அந்த அறிவிப்பு பலவீனமடைகிறது. ஹிஜ்ரி 463இல் மறைந்த கரீமா அல்-மர்வஸிய்யா மக்காவில் ஸஹீஹுல் புகாரீயைப் பாடம் சொன்னவர். கதீப் அல்-பக்தாதி போன்ற பேரறிஞர் அவரிடம் ஓதினார். அந்த அம்மையாரின் பெயரை வரலாறு மறைக்கவில்லை. அத்தகைய மரபுக்குரிய நாம், நமது வீடுகளிலும் நிறுவனங்களிலும் எத்தனை ஆஷாக்களின் பெயரைச் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்வதும் தகும்.

இப்புதினத்தை 'தி குட் முஸ்லி'மோடு சேர்த்து வாசிக்கையில் ஆசிரியரின் நெடுநாள் கேள்வி தெளிவாகிறது. 1971 போரில் பங்கேற்றுத் திரும்பிய சுஹைல், அப்புதினத்தில் மார்க்கத்தில் அடைக்கலம் தேடுகிறான். தன் நூல்களை எரிக்கிறான். மருத்துவரான தங்கை மாயாவால் அவனைப் புரிந்துகொள்ள இயலவில்லை. அங்கே மார்க்கப்பற்று உறவுகளை முறிக்கும் ஒன்றாகவே பெரிதும் தோன்றியது. பத்தாண்டுகளுக்குப் பின், மார்க்கம் இல்லாத இடத்தின் வெறுமையை அவர் எழுதுகிறார். இந்த நகர்வு மதிக்கத்தக்கது.

ஆயினும் புதினம் ஒரு வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. நிறுவனம் தடம் புரள்வதற்குப் பேராசையையும் ஆண் செருக்கையும் காரணமாகக் காட்டுகிறது. நல்லவர்கள் நடத்தியிருந்தால் அந்தத் தளம் சரியானதாக இருந்திருக்குமா? இக்கேள்வியைப் புதினம் எழுப்பவில்லை. நமது விடை, இருந்திருக்காது என்பதே. 'இபாதத்' என்னும் சொல் 'அப்து', அதாவது அடியான், என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. நமது விருப்பத்திற்கேற்ப வடிக்கப்பட்ட சடங்கில் நாம் அடியார்கள் அல்லர், வாடிக்கையாளர்கள். இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா உலூமித்தீ'னின் முதற்பகுதியில் வழிபாடுகளின் அகமியங்களை விரித்துரைத்தபோது, தொழுகையை நம் மனத்திற்கேற்ப மாற்றச் சொல்லவில்லை; மனத்தைத் தொழுகைக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்.

ஜனாஸாவை எண்ணிப் பார்ப்போம். செல்வருக்கும் ஏழைக்கும் அதே வெள்ளைத் துணி. ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு ஐந்து. குளிப்பாட்டுவதும் கபனிடுவதும் தொழுவதும் அடக்குவதும் பர்ளு கிஃபாயா. ஊரில் ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளியாகும். இறந்தவருக்கு எது பிடிக்கும் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. அவர் யாராயினும் அவருக்கு இது உரியது என்பதே அதன் கண்ணியம்.

புதினத்தின் இறுதியில் பெருந்தொற்று எட்டிப்பார்க்கிறது. அதே காலத்தில் இலங்கையில் நிகழ்ந்ததை நாம் மறக்க இயலாது. கொரோனாவால் இறந்தோரை எரித்தாக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசாணை வந்தது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் 2021 பிப்ரவரி வரை அது விலக்கப்படவில்லை. மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. இடைப்பட்ட மாதங்களில் முஸ்லிம் குடும்பங்கள் பட்ட வேதனை, வேறொரு சடங்கு கிடைக்காததால் விளைந்ததன்று. இறந்தவருக்குச் செலுத்த வேண்டிய கடனைச் செலுத்த விடாததால் விளைந்தது. கடன் என்னும் அந்த உணர்வை எந்த நிரலும் உருவாக்கித் தர இயலாது.

இதைச் சொல்லிவிட்டு நாம் நிம்மதியாக அமர்ந்துவிடவும் முடியாது. தொழுகை நேரம் காட்டும் பெயர்பெற்ற செயலியொன்றின் பயனாளர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்னும் தகவல், தரகு நிறுவனம் வழியாக அமெரிக்க இராணுவ ஒப்பந்ததாரர்களைச் சென்றடைந்ததாக 2020 நவம்பரில் ஒரு புலனாய்வுச் செய்தி வெளிவந்தது. கிப்லாவைத் தேடியவரின் திசையும் சந்தைக்கு வந்தது. உம்ராவை நட்சத்திர விடுதிகளின் தரவரிசையில் விற்பதும், எளிமை பேணப்பட வேண்டிய நிகாஹை விருப்பப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதும் நம்மிடையே வழக்கமாகிவிட்டன. ஆஷாவின் தளத்தில் பெயர் பதியாமலேயே நாமும் அதன் பயனாளர்கள் ஆகிக்கொண்டிருக்கிறோம்.

சொல்லாமல் விட்ட இடங்கள் இருந்தும், விரைவும் நகைச்சுவையும் கூடிய இப்புதினத்தை நாம் பரிந்துரைக்கிறோம். பாட்டனார் தம் நூலுக்குக் கண்ணாடி என்று பெயரிட்டார். பேத்தி பிடித்திருக்கும் கண்ணாடியில் தெரிவது அமெரிக்க முகம் மட்டுமன்று.