செட் -ஈ என்கிற தாயத்து

பாஷ் ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லித்தரும் பக்கங்களில் ஒரு சடங்கு உண்டு. முதல் வரியில் -ஈ, -யூ, பைப்ஃபெயில் மூன்றையும் போட்டுடுங்க, அப்புறம் கவலையே இல்லை என்பார்கள். இதுக்கு 'ஸ்ட்ரிக்ட் மோட்'னு பேர் வேற. மூன்றும் பயனுள்ளவைதான். ஆனா தப்பைக் கண்டுபிடிக்க இவை உதவாது, சில வகைத் தப்பு நடந்தால் ஸ்கிரிப்டை நிறுத்தும், அவ்வளவுதான். அதிலும் ஓட்டைகள் நிறைய.

-ஈ பழைய சரக்கு. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸின் போர்ன் ஷெல்லிலேயே இருந்தது. ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும் என்பது வாக்குறுதி. விதிவிலக்குகளைப் படிச்சாத்தான் தலை சுத்தும். இஃப், வொயில் நிபந்தனைக்குள் தோற்றால் நிற்காது. இரட்டை ஆம்பர்சேண்டுக்கு இடப்பக்கம் தோற்றாலும் நிற்காது.

இதில் மோசமானது எது தெரியுமா? ஒரு ஃபங்ஷனை இஃப் நிபந்தனையில் கூப்பிட்டால், அந்த ஃபங்ஷனுக்குள் இருக்கும் எல்லா வரிகளுக்கும் -ஈ செத்துப்போகும். பேக்அப் எடுக்க ஒரு ஃபங்ஷன் இருக்குன்னு வைங்க. உள்ளே டேட்டாபேஸ் டம்ப் எடுக்கும் வரி, கடைசியில் 'முடிந்தது' என்று எக்கோ செய்யும் வரி. வெளியே: பேக்அப் வெற்றி என்றால் பழைய பேக்அப்களை அழி. டம்ப் தோற்கிறது, -ஈ கண்டுகொள்ளாது, எக்கோ வெற்றி, ஆகவே ஃபங்ஷனும் வெற்றி. பழையவை அழிகின்றன. புதுசு ஒண்ணும் இல்லை. முதல் வரியில் தாயத்து பத்திரமா இருக்கு.

-யூ மதிப்பே கொடுக்கப்படாத வேரியபிளைப் பிடிக்கும். காலியான வேரியபிளைப் பிடிக்காது. 2015 ஜனவரியில் லினக்ஸ் ஸ்டீம் ஸ்கிரிப்டில் வெளிவந்த பிழை இதுக்கு நல்ல பாடம். ஸ்டீம் இருக்கும் டைரக்டரியின் பாதையை ஒரு வேரியபிளில் வைத்து, அதோடு ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் ஒட்டி, 'ஆர்எம் -ஆர்எஃப்' கொடுத்திருந்தார்கள். பாதை காலியானால் மிஞ்சுவது ரூட் டைரக்டரி. பயனர் தொடக்கூடிய கோப்பெல்லாம் போயிற்று. அங்கே வேரியபிளுக்கு மதிப்பு இருந்தது, காலி மதிப்பு. -யூ போட்டிருந்தாலும் வாய் திறந்திருக்காது. 'காலியாக இருந்தால் நிறுத்து' என்று அந்த வேரியபிளிடமே சொல்லும் கோலன்-கேள்விக்குறி வடிவம் காப்பாற்றியிருக்கும்.

பைப்ஃபெயில் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. 2024 பதிப்பில் போசிக்ஸ் தரத்திலேயே சேர்ந்துவிட்டது, நியாயமான இடம்.

சடங்கில் இடம் கிடைக்காத -எக்ஸ்தான் உண்மையான டீபக் கருவி. -வி கட்டளையை நீங்கள் எழுதியபடியே காட்டும், -எக்ஸ் ஷெல் புரிந்துகொண்டபடி காட்டும். பெயரில் இடைவெளி உள்ள கோப்பை மேற்கோள்குறி இல்லாமல் அழிக்கப் பார்த்தால், -வி வெறும் வேரியபிள் பெயரைத்தான் காட்டும். -எக்ஸ் இரண்டு தனிச் சொற்களைக் காட்டும். மேற்கோள்குறி போட்டிருந்தால் இரண்டும் ஒரே மேற்கோளுக்குள் வரும். பிழை அந்த வித்தியாசத்தில்தான் இருக்கு. பிஎஸ்4 வேரியபிளில் வரி எண்ணையும் சேர்த்துக்கிட்டா, எந்த வரி என்று தேடவும் வேண்டாம்.

-எக்ஸுக்கும் ஆபத்து உண்டு. பாஸ்வேர்டும் டோக்கனும் அப்படியே லாகில் விழும். அதனால சந்தேகப்படும் பகுதிக்கு முன் போட்டு, முடிந்ததும் பிளஸ் குறியோடு அணைத்துவிடுவது நல்லது.

புதுசா கத்துக்கறவங்களுக்கு முதலில் -எக்ஸைக் காட்டுங்க. தன் ஸ்கிரிப்ட் என்ன செய்யுதுன்னு ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு, -ஈ எங்கே கைவிடும் என்பதும் சீக்கிரம் புரியும். அழிக்கும் வரிக்கு முன்னால் மட்டும் தாயத்தை நம்பாமல், பேக்அப் கோப்பு இருக்கா, காலியா இல்லையா என்று கையால் ஒரு சோதனை எழுதிடுங்க.