வெளிச்சம் வளைத்த தண்டு

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடி வீட்டுச் சன்னலோரம், கண்ணாடிக் குவளையில் மூன்று சுருள் தண்டுகள் நிற்கின்றன. சீனப் பெருநாளுக்குப் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கொடுத்தது. மூன்று என்றால் மகிழ்ச்சி, செல்வம், நீண்ட ஆயுள். நான்கு மட்டும் ஆகாது. சீனத்தில் அந்த எண்ணைச் சொன்னால் சாவைச் சொன்னதுபோலக் காதில் விழும்.

அதிர்ஷ்ட மூங்கில் என்றுதான் விற்கிறார்கள். ஆனால் இது மூங்கிலே அல்ல. வெளிப்புறம் வைரம் பாய்ந்தது புல், உட்புறம் வைரம் பாய்ந்தது மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் மூங்கில் அசல் புல். பழுத்துப்போன தண்டு ஒன்றை அறுத்துப் பார்த்தேன். உள்ளே குழல் இல்லை, முழுக்கச் சதை. நகம் பட்டாலே தோல் பதிகிறது. ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கத்துக் காட்டு நிழலில் வளரும் டிரசீனா சாண்டெரியானா இது. கணுவைக் காட்டி மூங்கில் பெயரை வாங்கிக்கொண்டது.

இதை வாங்கச் சுங்கை பூலோவுக்குப் போகிறவர்கள் உண்டு. மலாயில் சுங்கை என்றால் ஆறு, பூலோ என்றாலே மூங்கில். 1930இல் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு அமைந்தது. அங்கிருந்தவர்கள் பிழைப்புக்காகப் பூச்செடி வளர்த்து விற்றதில்தான் அந்த ஊரின் நர்சரி வரிசை தொடங்கியது. மூங்கில் ஆற்றங்கரைக்குப் போய், மூங்கில் அல்லாததை மூங்கில் என்று வாங்கி வருகிறோம்.

பெயரில் பொய் இருக்கலாம், சுருளில் பொய் இல்லை. செடியைச் சுற்றி மறைப்பு வைத்து ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் விடுவார்கள். நிழல் பக்கத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சிச் சுரப்பு கூடி அந்தப் பக்கம் நீளும். தண்டு வெளிச்சத்தை நோக்கி வளையும். வளைந்ததும் தொட்டியைக் கொஞ்சம் திருப்புவார்கள். இப்படியே மாதக்கணக்கில் நடக்கும். சுருளைக் கண்ணருகே பிடித்துப் பாருங்கள்: கணுவுக்குக் கணு இடைவெளி உள்வளைவில் குறுகியும் வெளிவளைவில் அகன்றும் இருக்கும். திருப்பிய கை அவசரப்பட்டிருந்தால் அந்த ஓட்டம் ஓரிடத்தில் முறிந்து தெரியும். உச்சியை வெட்டி மெழுகு பூசியிருப்பார்கள்; தளிர் பக்கவாட்டில்தான் வரும்.

வளர்ப்பதில் பெரிய வித்தை இல்லை. வேர் முழுகும் அளவுக்குத் தண்ணீர், நேர்வெயில் படாத வெளிச்சம், அவ்வளவுதான். குழாய்த் தண்ணீரை ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் வாடை போகும், ஃபுளோரைடு போகாது. அதுதான் இலைநுனியைக் கருக்கும். கோலாலம்பூரில் சாயங்கால மழைக்கா பஞ்சம்? வாளியில் பிடித்து வைத்தால் செடிக்கு அதுவே போதும். வாளியை மூடி வைக்க மறக்கக்கூடாது.

மூடி எதற்கென்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. தேங்கிய நீர் என்றால் ஏடிஸ் கொசு, டிங்கிக் காய்ச்சல், வீட்டில் ஜென்டிக் எனப்படும் கொசுப்புழு இருந்தால் அபராதம். 2001இல் தென்சீனாவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கப்பலில் போன இந்தச் செடிகளோடு ஏடிஸ் வகைக் கொசு ஒன்றும் கூடவே போய் இறங்கியது. முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான். அதனால் ஞாயிறுதோறும் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கண்ணாடியில் ஒட்டியிருக்கும். விரலை விட்டு உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

கழுவி முடித்ததும் குவளையைப் பழைய இடத்தில், பழைய திசையிலேயே வைத்துவிடுவேன். இத்தனை நாளில் பக்கத்தளிர்கள் எல்லாம் சன்னல் பக்கம், மோனோரயில் போகும் திசைக்குச் சாய்ந்துவிட்டன. கீழே இருக்கும் சுருள் யாரோ ஒருவர் பொறுமையாகத் திருப்பித் திருப்பிச் செய்தது. மேலே இருக்கும் சாய்வு எங்கள் வீட்டு வெளிச்சம் செய்தது. திருப்பி வைத்தால் நிமிர்ந்துவிடும் என்கிறார் ஆன்ட்டி. சாய்ந்தே இருக்கட்டும்.