கவசப் புல்டோசர்: ஒரு மதிப்பீடு

கவசப் புல்டோசர் என்பது மண் தள்ளும் இயந்திரத்தைச் சுற்றி இரும்புத் தகடுகளைப் பொருத்தி உருவாக்கப்படும் ஊர்தி ஆகும். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் புல்டோசரைப் பார்த்தவர்கள் இதன் வலிமையை உணர்வர்: சங்கிலிப் பட்டை மேடுபள்ளம் கடக்கும், முன்தகடு சுவரைத் தகர்க்கும். மேலே பொருத்திய கவசம் துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும்.

ஆயினும் இது வெல்ல முடியாதது என்பது மிகை. 1991 சூலையில் ஆனையிறவு முகாமை நோக்கி விடுதலைப் புலிகள் செலுத்திய கவசப் புல்டோசரின்மீது இலங்கைப் படைவீரர் காமினி குலரத்ன ஏறிக் கைக்குண்டு வீசினார். ஊர்தி நின்றது, அவரும் இறந்தார். 2004 சூன் 4 அன்று அமெரிக்காவின் கிரான்பி நகரில் தனிநபர் ஒருவர் 13 கட்டடங்களை இடித்த புல்டோசர், ஒரு கடையின் நிலவறைக்குள் சரிந்து சிக்கியது.

தகடு கூடக்கூட ஓட்டுநரின் பார்வை குறையும், எடை ஏறும். முன்னதில் பார்வைக் குறையும் பின்னதில் எடையும் வினையாயின. குண்டைத் தடுத்த கவசமே உள்ளிருந்தவருக்குக் கூண்டானது.